அந்தப் புத்தகத்தில் உன் ஆமை இல்லை

நான் ஊருக்கு வரும் நாளிலெல்லாம் பஸ் நிறுத்தத்துக்கே ஓடிவந்து என் பையைப் பிடுங்கிச் சுமந்த என் பேச்சிக்கு,

நீ வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது செத்தாய். படிக்கப் போன இடத்தில் செத்தாய் என்று அவர்கள் கல்லில் வெட்டி நட்டுவிட்டார்கள். அந்தக் கல் பொய் சொல்கிறது.

உனக்குக் கடிதம் எழுதுவது எவ்வளவு கோணலான காரியம் என்று எனக்குத் தெரியும். உயிரோடு இருந்தபோதே உனக்கு எழுத்துத் தெரியாது. விருதுநகரில் படித்தபோது விடுதியிலிருந்து நான் போட்ட கார்டுகளைத் தபால்காரரை மறித்து நிறுத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்டாய். ‘நல்லா இருக்கேன்’ என்பதைத் தவிர நான் எதையும் எழுதுவதில்லை என்று அவரிடமே குறைபட்டிருக்கிறாய். இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாக எழுதுகிறேன். பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். நாலு பேர் வாசிக்கட்டும். அந்த நாலு பேரில் ஒருவர் அன்று மேடையில் உட்கார்ந்திருந்தவராக இருந்தால் நல்லது.

அம்மா இருக்கிறாள். பேச்சு குறைந்துவிட்டது. உன் கட்டம் போட்ட பாவாடையை நம் தங்கச்சி வள்ளிக்குச் சுருக்கித் தைத்துக் கொடுத்திருக்கிறாள். வள்ளிக்கு முன்பல் இரண்டு விழுந்து முளைத்துவிட்டன. மழை இல்லை. மழை இல்லாதது சிவகாசிப் பக்கத்து முதலாளிகளுக்கு நல்லது, குச்சி சீக்கிரம் காய்கிறது. இது உனக்குத் தெரிந்த சங்கதிதான்.

நீ போன பிறகு தீப்பெட்டி ஆபீஸ் கணக்கப்பிள்ளை நம் வீட்டுக்கு வந்தார். நீ தீக்காயத்தோடு மதுரை ஆஸ்பத்திரியில் வாழை இலையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காத மனிதர். கையில் ரொட்டிப் பொட்டலம் வேறு.

“தம்பி, எப்ப வந்தீக? மண்டியில லீவு குடுத்தாகளா?” என்று கேட்டார்.

என்னை ‘ஏலே’ என்று மட்டும் கூப்பிட்டுப் பழகிய வாய் அது. மரியாதை திடீரென்று வந்தால் நான் முதலில் கதவைப் பார்ப்பேன்.

“மொதலாளி நம்ம பேச்சி பேர்ல பிள்ளைகளுக்கு ஒரு வாசகசாலை தெறக்கப் போறாக. அவ போட்டோ ஒண்ணு வேணும். இருக்கன்குடியில எடுத்தது இருக்காமே?”

“வாசகசாலையா? எதுக்கு?”

“இப்படிக் கேக்கீகளே. அந்தப் பிள்ளைக்குப் படிப்புன்னா உசுரு. கூடப் பொறந்த ஒங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாது. ஒண்ணாங் கிளாஸ்ல இருந்தவளைத் தீப்பெட்டி ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனது நீங்கதான்னு தெரியும்.”

அம்மா என் தொடையில் கிள்ளினாள். “அவன் பேச்சை விடுங்கய்யா. பருப்பு மண்டிக்குப் போனதுலருந்து மனுசங்களையும் மூட்டைன்னு நெனைக்கான். எல்லாத்துக்குள்ளயும் குத்தூசி விட்டுப் பாக்கணும் அவனுக்கு.”

கணக்கப்பிள்ளை சிரித்தார். அம்மா போட்டோவை எடுத்துக் கொடுத்தாள். கொடுக்கும்போது அதன் மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். நான் அவளைத் தடுக்கவில்லை. மகள் பேர் எங்கேயாவது நிற்கட்டும் என்று நினைக்கும் தாயிடம் என்ன வழக்குப் பேசுவது?

பேச்சி, வாசிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். தீப்பெட்டி ஆபீஸ் என்றால் மேசை நாற்காலி போட்ட ஆபீஸ் அல்ல. ஓடு வேய்ந்த நீளக் கொட்டகை. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மரச்சட்டத்தில் குச்சிகளை அடுக்குவார்கள். மருந்து முக்கிக் காய்ந்த குச்சிகளை இன்னொரு கூட்டம் பெட்டியில் அடைக்கும். நீ முதலில் அடுக்கினாய். கை வேகம் என்று சொல்லி அடைக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். அடைக்கும்போது குச்சியும் குச்சியும் உரசினால் போதும்.

இவ்வளவு சிறிய பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சட்டம் ஜீப்பில் வரும். சாத்தூர் ரோட்டில் புழுதி கிளம்பினால் வாட்சுமேன் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைத் தட்டுவார். குச்சி அடுக்கும் மரச்சட்டங்கள் சாக்குப் படுதாவுக்குப் பின்னால் போகும். ஒரு தகரப் பெட்டி திறக்கும். அதற்குள் கதைப் புத்தகங்கள். ஆளுக்கு ஒன்று. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து புத்தகத்தை விரிப்பார்கள். அதற்குப் பெயர் ‘புத்தக நேரம்’. வெளிப் பார்வைக்கு அது ஏழைப் பிள்ளைகளுக்கான வாசிப்பு வகுப்பு.

எழுத்தே தெரியாத பிள்ளைகள் எப்படிப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்காமல் இருந்தார்கள்? இதைக் கேட்டபோது, உன்னோடு அங்கே குச்சி அடுக்கிய வள்ளி என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள். ஒவ்வொரு அட்டையின் மேல் மூலையிலும் ஒரு தீப்பெட்டி லேபிளை ஒட்டி வைத்திருந்தாராம் கணக்கப்பிள்ளை. “கிளி நிமிந்து நின்னா புத்தகம் நேரா இருக்குன்னு அர்த்தம்ணே. இதுகூடத் தெரியாதா?” லேபிளில் கிளி எப்படி நிற்க வேண்டும் என்று உங்களில் தெரியாத பிள்ளை இல்லை.

வந்த அதிகாரிக்கு ஒரு காட்சி வேண்டுமே. அதையும் பழக்கினார்கள். ஒரு பிள்ளை எழுந்து, தன் புத்தகத்தை உயர்த்திக் காட்டி, பக்கத்துப் பிள்ளைக்குப் பரிந்துரைக்க வேண்டும். “எனக்குப் பிடித்த கதைப் புத்தகம் இது. இதில் நல்ல நீதி இருக்கிறது. தங்கையே, நீயும் வாசி.” மற்றவள் அதை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். அணைப்பதுவரை கணக்கப்பிள்ளை சொல்லிக் கொடுத்தாராம்.

இதில் நீதான் முதல் ஆள். ஜீப்பு சார் என்று நீங்கள் கூப்பிடும் அந்த அதிகாரி உன் தலையைத் தடவி, “இந்தப் பிள்ளை நல்லா வரும்” என்று சொன்னதாக நீயே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். தலையைத் தடவியவர் உன் விரலைப் பார்க்கவில்லையா? நகக்கண் எல்லாம் மருந்துக் கறை. பக்கத்தில் நின்றாலே கந்தக வாடை அடிக்குமே உன்னிடம். அவர் ஒரு தடவையாவது புத்தகத்தைத் திறந்து, “இந்த வரியை வாசிம்மா” என்று சொல்லியிருந்தால்? ஒரே ஒரு வரி. அவருக்கு அந்த யோசனை வரவில்லை என்பதை நான் நம்பவில்லை.

போட்டோவுக்குச் சட்டம் போட்டாயிற்றா என்று பார்க்கிற சாக்கில் நான் அங்கே போனேன். கொட்டகையின் கோடியில் ஓர் அறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். சுவர் இன்னும் ஈரம். உனக்குத் தீப்பிடித்த அறை அதுதான் என்று வாட்சுமேன் என் காதில் சொன்னார். கரியை மறைக்க எத்தனை பூச்சுத் தேவைப்பட்டதோ. வாசலில் கல்லைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ‘எங்கள் வாசகசாலையின் மாணவி பேச்சியம்மாள் நினைவாக.’

முதலாளி அங்கேதான் நின்றிருந்தார்.

“மாணவியா?” என்றேன்.

“பின்னே? வேலைக்காரப் பிள்ளைன்னு போட்டா அதுவா தம்பி கௌரவம்?”

“அவ இங்கன வேலை பார்த்தாளா, இல்லையா?”

அவர் கோபப்படவில்லை. தோளில் கை போட்டார். “சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு கவர்மெண்டு சொல்லுது. நாங்க மீறுவமா? பிள்ளை வாசிக்க வந்துச்சு. ஆர்வக் கோளாறுல அடைக்கிற பக்கம் வெளையாடப் போயிருச்சு. நம்ம போறாத காலம். சாரும் அப்படித்தான் எழுதப் போறாக. அவுகதான் தெறந்து வைக்க வாராக.”

தீ விபத்தைப் பற்றி அறிக்கை எழுதுகிற ஜீப்பு சார்தான் திறப்பு விழாவுக்குத் தலைவர். கல் எதற்கு என்று எனக்கு அப்போது புரிந்தது. உன்னை நினைத்துக்கொள்ள அல்ல. நீ அங்கே வேலை பார்க்கவே இல்லை என்று சொல்ல. நீ தினமும் இருட்டோடு எழுந்து நடந்து போனதை, அந்தக் கைவேகத்தை, உன் சாவை, எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் அழித்திருக்கிறார்கள். அதற்குச் சாட்சி சொல்லப் போவது யார் தெரியுமா? நம் வள்ளி. மேடையில் ஏறி, ‘இது என் அக்காவுக்குப் பிடித்த புத்தகம்’ என்று மற்ற பிள்ளைகளுக்குப் பரிந்துரைக்க வேண்டுமாம்.

ஒத்திகைக்காகப் புத்தகத்தை வீட்டுக்கே கொடுத்து அனுப்பினார் கணக்கப்பிள்ளை. அட்டையில் ஆமை. மூலையில் லேபிள். வள்ளி அடுப்படி வாசலில் நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் புத்தகத்தை வாங்கி அவளுக்கு வாசித்துக் காட்டினேன். குளத்தில் ஓர் ஆமை இருக்கிறது. பெரியவர்கள் பேச்சைக் கேட்காமல் வெளியே போகிறது. வெயிலில் அவதிப்படுகிறது. திரும்பி வந்து மன்னிப்புக் கேட்கிறது. ‘ஆகவே குழந்தைகளே, மூத்தோர் சொற்படி நடக்க வேண்டும்.’ முடிந்தது.

வள்ளி என்னை முறைத்தாள். “நீ தப்பா வாசிக்கிற.”

“தப்பா? இதுல இருக்கிறதைத்தான் வாசிக்கேன்.”

“இல்ல. அக்கா வேற மாதிரி வாசிப்பா. அந்த ஆமை குளம் வத்திப்போய்ப் பசியோட வரும்ணே. நம்ம ஆபீசுக்குள்ள பூந்துரும். கீரைத்தண்டுன்னு நெனைச்சு அம்புட்டுக் குச்சியையும் தின்னுரும். கணக்கப்பிள்ளை கம்பை எடுத்துட்டு வருவாரு. அப்ப ஏப்பம் விடும் பாரு, வாயிலருந்து நெருப்பு! கணக்கப்பிள்ளை வேட்டியக் கையில புடிச்சுட்டு ஓடுவாரு. லோடு ஏத்த ஒரு குச்சி இருக்காது. ஆபீசுக்கு லீவு விட்டுருவாக. பிள்ளைக எல்லாம் வீட்டுக்குப் போயி நல்லா ஒறங்கும்.” அவள் மூச்சு விட்டாள். “நீ எம்புட்டு வருசம் படிச்ச? ஒனக்கு இதுகூட வாசிக்க வரலை.”

அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். நீ போன பிறகு நான் அவள் சிரிப்பைக் கேட்டது அப்போதுதான்.

நான் சிரிக்கவில்லை. அந்தப் புத்தகத்தின் படங்களை மறுபடி பார்த்தேன். ஒரு படத்தில் ஆமை வாயைத் திறந்திருக்கிறது. இன்னொன்றில் கம்போடு ஒரு மனிதன். இந்த இரண்டு படங்களிலிருந்து நீ இவ்வளவையும் எடுத்திருக்கிறாய். ஜீப்பு வந்தால் கணக்கப்பிள்ளையின் வரிகளைச் சொன்னாய். ஜீப்பு போன பிறகு பிள்ளைகளுக்கு உன் ஆமையைச் சொன்னாய். வள்ளியைக் கேட்டுப் பார்த்தேன். அங்கே ஒரு புதுப் பிள்ளை வந்து அழுதால், மற்றவர்கள் சொல்வது, “ஆமைப் புத்தகத்தைக் கேளு, அழுகை நின்னுரும்.” வாசி என்று யாரும் சொல்வதில்லை. கேள் என்றுதான் சொல்வார்களாம். கணக்கப்பிள்ளை பழக்காத ஒரு பரிந்துரை அந்தக் கொட்டகைக்குள் வாய்க்கு வாய் நடந்திருக்கிறது.

இதில் நான் மகிழ வேண்டுமா, பேச்சி? மகிழ முடியவில்லை. உன்மேலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே. அழுத பிள்ளைகள் உன் கதையால் அழுகையை நிறுத்தினார்கள் என்றால், அதற்குப் பிறகு என்ன செய்தார்கள்? குச்சி அடுக்கினார்கள். அப்படியானால் அந்த ஆமையால் லாபம் யாருக்கு? கணக்கப்பிள்ளைக்கு இந்தக் கதை தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் விட்டு வைத்தாரா? நீ அவரைக் கேலி செய்தாயா, அவருக்குத்தான் உதவி செய்தாயா? உனக்கே தெரியுமா?

திறப்பு விழா அன்று பிள்ளைகளுக்குப் புதுச் சட்டை கொடுத்திருந்தார்கள். கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவ வைத்தார்களாம். ஒலிபெருக்கி, காகிதத் தோரணம், மாலை. ஜீப்பு சாருக்குப் பக்கத்தில் உன் போட்டோ. அந்தப் போட்டோவில் நீ கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிறாய், இருக்கன்குடி வெயிலில். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும். எனக்கு அது பிடித்திருந்தது.

நான் பின்வரிசையில் நின்றேன். முன்னால் போய்க் கேட்க வேண்டும் என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். ‘இந்தப் பிள்ளையை ஒரு வரி வாசிக்கச் சொல்லுங்கள்’ என்றால் போதும், வாசகசாலை அங்கேயே இடிந்துவிடும். ஆனால் அத்தனை பேர் முன்னால் வாசிக்கத் தெரியாமல் முழிக்கப் போவது யார்? வள்ளி. முதலாளிக்கு ஒன்றும் ஆகாது. நம் வீட்டுப் பிள்ளைதான் தலைகுனிய வேண்டும். அவர்கள் இதையும் கணக்குப் போட்டுத்தான் அவளைத் தேர்ந்தெடுத்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றியது.

வள்ளி ஏறினாள். புத்தகத்தை உயர்த்தினாள். கிளி நிமிர்ந்து நின்றது. “இது என் அக்காவுக்குப் பிடித்த கதைப் புத்தகம். இதில் நல்ல நீதி…”

“ஏ வள்ளி, ஏப்பத்தைச் சொல்லு!” என்று பிள்ளைகள் வரிசையிலிருந்து ஒரு குரல்.

எல்லாரும் சிரித்தார்கள். வள்ளிக்கு வரி மறந்துவிட்டது. கணக்கப்பிள்ளை மேடைக்குக் கீழே நின்று வாயை அசைத்து எடுத்துக் கொடுத்தார். அவரைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவுதான். ஆமை குளத்தை விட்டுக் கிளம்பிவிட்டது. ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டது பேச்சி, உன் கதை. ஆபீசுக்குள் புகுந்தது, குச்சியைத் தின்றது, ஏப்பம் விட்டது. வேட்டி இடம் வந்தபோது ஜீப்பு சார் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். முதலாளியும் வேறு வழியில்லாமல் சிரித்தார். கடைசியில் வள்ளி பிள்ளைகளைப் பார்த்து, “ஒங்களுக்கும் ஒறங்கணும்னா இந்தப் புத்தகத்தைக் கேளுங்க” என்று சொல்லி முடித்தாள்.

“இப்படி ஒரு புத்தகமா? எங்க, குடும்மா பாப்போம்” என்று ஜீப்பு சார் கையை நீட்டினார். வந்த நாளிலிருந்து முதல் தடவையாகத் திறந்தார்.

“அந்த ஏப்பம் விடுற எடத்தை வாசிங்க சார்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு இல்லை. எழுத்துத் தெரிந்த ஒருவர் வாயால் அதைக் கேட்க உண்மையிலேயே ஆசை. “வாசிங்க சார், வாசிங்க!”

அவர் பக்கத்தைப் புரட்டினார். சிரிப்பு முகத்தில் இருந்தது. இன்னொரு பக்கம். சிரிப்பு அப்படியே நின்றது. முதலிலிருந்து திரும்பப் புரட்டினார். பிறகு புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்து, வள்ளியின் கையைப் பார்த்தார். எனக்குத் தெரியும், பார்த்தார். புளியால் தேய்த்தும் போகாத கறை அது.

நான் மேடைக்கு முன்னால் வந்துவிட்டேன். “அதுல இருக்காது சார். எங்க பேச்சிக்கு வாசிக்கத் தெரியாது. இங்க இருக்கிற ஒரு பிள்ளைக்கும் தெரியாது. அவ இங்கன குச்சி அடைச்சா. அடைக்கும்போதுதான் எரிஞ்சா. கல்லுல மாணவின்னு இருக்கு. மாத்தச் சொல்லுங்க. நீங்க எழுதப் போறதுலயும் வேலை பார்த்த பிள்ளைன்னு எழுதுங்க.”

ஒலிபெருக்கி நின்றுவிட்டது. யார் நிறுத்தினார்கள் என்று தெரியவில்லை. ஜீப்பு சார் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். முதலாளி அவர் காதில் என்னவோ சொன்னார். அவர் எழுந்து போய்க் கல்லின் மேலிருந்த துணியை இழுத்தார். கை தட்டினார்கள். பிள்ளைகளும் தட்டினார்கள், பழக்கியிருந்தார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா தனியாக முன்னால் நடந்தாள். வள்ளிதான் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “சார் ஏண்ணே வாசிக்கலை? அவுகளுக்கும் வாசிக்கத் தெரியாதா?” என்று கேட்டாள்.

அன்று முதல் அவள் அந்தக் கொட்டகைக்குப் போகவில்லை. நான்தான் நிறுத்தினேன். அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை, அடுப்பு எரிய வேண்டாமா என்கிறாள். நியாயம்தான். மண்டியில் கேட்டு அம்மாவுக்குப் பருப்புப் புடைக்கிற வேலை பார்த்து வைத்திருக்கிறேன். விருதுநகரில் ஓர் அறை தேடுகிறேன். பள்ளி திறந்ததும் வள்ளியை ஒண்ணாங் கிளாசில் உட்கார வைப்பேன், மற்றப் பிள்ளைகளைவிடப் பெரியவளாக இருந்தாலும். உன் பேருக்கு முன்னால் ‘மாணவி’ என்ற அந்த வார்த்தை இருக்கும்வரை நான் எழுதுவதையும் நிறுத்த மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

கடைசி வரிகள் உனக்கு இல்லை, பேச்சி. கொஞ்சம் தள்ளி நின்றுகொள்.

ஐயா, ஜீப்பில் வருகிறவரே. உங்களுக்கு வாசிக்கத் தெரியும். புத்தகத்தைத் திறந்தீர்கள். ஆமை அதில் இல்லை என்று கண்டீர்கள். அப்படியானால் அந்தப் பிள்ளைகள் அங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள்? சொல்லுங்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டுச் சொல்லுங்கள்.

அந்தக் கொட்டகையில் குச்சி அடைத்த பேச்சியம்மாளுக்கு,
கூடப் பிறந்த அண்ணன்.